வெட்டி வைத்தால் போதுமா?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. தாராவியில் எத்தனையோ வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால், ஏட்டுக் கேக்கும் ஏட்டு பிஸ்கட்டும் கட்டுக் கட்டாக இருக்கும்.

90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்து. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வீடு. நெல்லைச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கும் ஒரு மூதாட்டியின் பெட்டியை, மழைக்காலத்துக்கு முன்பு மருமகள் ஒழுங்கு செய்தார். பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, இவற்றுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். டின் நிறையத் தமிழ் வார இதழ்களிலிருந்து கத்தரித்த சமையல் குறிப்புகள். முட்டைக் கேக், வெண்ணெய் பிஸ்கட், நான்கட்டாய், பழ ரொட்டி என்று எல்லாம் அடுப்பில் சுடும் பண்டங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்து மாதுங்காவில் விற்ற இதழ்கள் அவை. ஒருவர் வாங்க, சந்து முழுவதும் படித்து, கடைசியாகக் கைக்கு வந்த பிறகு கத்தரித்தவை. ஓரம் மடங்காமல், வரி சிதையாமல் பத்திரமாக இருந்தன.

ஆனால், ஒரு துண்டில்கூட எண்ணெய்க் கறை இல்லை. ஒன்றைக்கூடச் செய்து பார்க்கவில்லை!

“ஏன் அத்தே, ஒண்ணு கூடவா செஞ்சு பாக்கல?” என்று மருமகள் கேட்டார்.

“ஆசைப்பட்டு வெட்டி வச்சேன். சுடுறதுக்கு அடுப்பு எங்க இருந்துச்சு? கெட்டுப்போச்சுன்னா உங்க மாமாகிட்ட யாரு ஏச்சு வாங்குறது?” என்றார் மாமியார்.

நாற்பது ஆண்டு ஆசைக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்கம். இந்த இரண்டையும் சற்று ஆராய வேண்டும்.

யாருடைய சமையலறை?

தாராவியில் நெருப்புக்குப் பஞ்சமில்லை. கும்பார்வாடாவில் குயவர்களின் சூளை இருக்கிறது. பாவ் ரொட்டியும் காரியும் சுடும் பேக்கரிகள் இருக்கின்றன. விடியற்காலையில் இட்லி அவித்துத் தலையில் சுமந்து கிளம்பும் அண்ணன்மார் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு ஒன்றுதான். மின்சார அவன் வாங்கலாம் என்றால், அது நிறைய மின்சாரம் இழுக்கும். பழைய ஒயர் போட்ட வீட்டில் அதை நம்பி வைக்க முடியாது. வைக்க இடமும் இல்லை.

குறிப்பு எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்தார்களா? “350 டிகிரியில் 40 நிமிடம்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். அது பாரன்ஹீட் கணக்கு. இன்றைய அவனில் அதை 180 டிகிரி செல்சியஸ் என்று கொள்ள வேண்டும். அவன் வசதி உள்ளவர்களே இதில் தடுமாறுவார்கள். அவனே இல்லாதவர் என்ன செய்வார்?

அடுத்தது, “ஒரு கப்.” எந்தக் கப்? வெளிநாட்டுப் புத்தகத்துக் கப் ஏறக்குறைய 240 மில்லி. வீட்டு டீ கிளாஸ் அதில் பாதியாகவும் இருக்கலாம். மைதா, சீனி, வெண்ணெய் மூன்றையும் ஒரே கிளாசில் அளந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முட்டையை எந்தக் கிளாசில் அளப்பது? கிளாஸ் சின்னதானாலும் முட்டை மூன்று மூன்றுதானே!

நான்கு தடவை

அந்த மருமகள் துணிந்தார். மகனின் பிறந்தநாள் ஆடியில் வருகிறது. கடையில் வாங்கும் கேக்குக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு தடவை வீட்டில் முயன்று பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. நடந்தது நான்கு தடவை.

முதல் தடவை, மாவை ஒரு டின்னில் ஊற்றி, கனமான பாத்திரத்துக்குள் நேரே இறக்கி மூடினார். அடி கரிந்தது. நடுவில் மாவு மாவாகவே இருந்தது.

இரண்டாவது தடவை, பேக்கிங் பவுடர் கிடைக்காமல் அதே அளவு ஆப்பசோடா போட்டார். கேக் செம்மண் நிறத்தில் வந்தது. வாயில் வைத்தால் சோப்புக் கசப்பு. சோடாவின் வேகம் பேக்கிங் பவுடரைவிட ஏறக்குறைய 3 மடங்கு. அதற்குத் துணையாகத் தயிர் போன்ற புளிப்பும் வேண்டும். பல பழைய குறிப்புகளில் இரண்டையும் “சோடா” என்றே அச்சிட்டிருப்பதால் வரும் வினை இது.

மூன்றாவது தடவை, டீ கிளாசால் அளந்தார். முட்டை மிஞ்சிப்போய், கேக் ரப்பர் போல் இழுத்தது. “ஆம்லெட்டுக்குச் சீனி போட்டியா?” என்று கணவர் கேட்டார். வீடே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை.

நான்காவது தடவை வழி காட்டியது புத்தகமல்ல. தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசு. முட்டையின் எடைக்கு எடை மைதா, சீனி, வெண்ணெய் என்பது கேக்குக்குப் பழைய கணக்கு. ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம். எனவே 3 முட்டைக்கு மைதா 150 கிராம், சீனி 150 கிராம், வெண்ணெய் 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி. கடையிலேயே தனித்தனியாக நிறுத்து வாங்கி வந்தால் வீட்டில் கப்பும் வேண்டாம், கிளாசும் வேண்டாம்.

சூட்டுக்கும் வழி தெருவிலேயே இருந்தது. கடலை வறுப்பவர் கடலையை நேரே நெருப்பில் காட்டுவதில்லை. சுடுமணலில் போட்டுப் புரட்டுகிறார். மணல் சூட்டை வாங்கி, ஒரே சீராகத் திருப்பிக் கொடுக்கிறது. அதுபோல் பழைய கனமான பாத்திரத்தில், கழுவிக் காயவைத்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிட்டார். பிறகு கேக் டின்னை வளையத்தின் மேல் இறக்கி, தீயைக் குறைத்தார். அரை மணி நேரம் மூடியைத் தொடவில்லை. நாற்பத்தைந்தாவது நிமிடம் ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தபோது, குச்சி சுத்தமாக வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீரில்லாமல் வெறுமனே காய்ச்சினால் குக்கர் கெட்டுப்போகும். தினமும் சோறு வடிக்கிற பாத்திரத்தை ஒரு நாள் கேக்குக்காக இழப்பது புத்திசாலித்தனமல்ல. இனி வேறெதற்கும் வேண்டாத பழைய பாத்திரமே போதும்.

ஏச்சுக்கு என்ன விலை?

அடுப்பில்லாத குறைக்கு மணல் வழி சொன்னது. மூதாட்டி சொன்ன இரண்டாவது காரணத்துக்கு யார் வழி சொல்வது?

கெட்டுப்போன ஒரு கேக்கின் செலவு, கூலிக்குப் போகும் குடும்பத்துக்குச் சின்னதல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்கள் தொழில் பழகியபோது எத்தனை தோலை வெட்டிக் கெடுத்தார்கள், எத்தனை துணியைத் தைத்துக் கெடுத்தார்கள்? அதைத் “தொழில் பழகுகிறான்” என்று சொன்ன அதே வாய், பெண் கெடுத்த கால் கிலோ மாவை “வீண் செலவு” என்கிறது. இது நியாயமா?

அந்த மூதாட்டி தம் இளமையில் கிலோ கணக்கில் கூலிக்கு அப்பளம் தேய்த்தவர். வட்டம் பிசகாமல் தேய்த்த கை, ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பார்க்கப் பயந்தது. கைக்குத் திறமை இல்லாமல் அல்ல, தவறு செய்ய அனுமதி இல்லாமல்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்துக்கு “சமைத்துப் பார்” என்று பெயர் வைத்தார். படித்து வை என்றோ, வெட்டி வை என்றோ வைக்கவில்லை. சமைத்துப் பார்ப்பது என்றால் இரண்டொரு தடவை கெடுத்துப் பார்ப்பதும் அதில் சேர்த்திதான்.

இளைய தலைமுறை இதில் தேறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கத்தரிக்குப் பதிலாகக் கைபேசி வந்திருக்கிறது. நூறு வீடியோக்களைச் சேமித்து வைத்துவிட்டு, ஒன்றையும் செய்யாதவர்கள் எத்தனை பேர்! தகரப் பெட்டி சட்டைப் பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேக்கரி அடுப்பும் பொது அடுப்பும்

அவன் இல்லாத குறையைப் போக்க இந்த நகரத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாந்த்ரா பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டில் மாவைக் கலந்து, தட்டை அக்கம்பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வந்தன. தீபாவளிக்கு முன்பு நான்கட்டாய் தட்டுகளும் அப்படியே போயின. பாவ் சுட்டு இறக்கிய பிறகும் செங்கல் பட்டியில் சூடு நெடுநேரம் நிற்கும். பேக்கரிக்காரருக்குச் சில்லறை வருமானம், வீட்டுக்கு ஒரு பண்டிகை.

அந்தப் பட்டிக்கு 2025-ல் கெடு வந்தது. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதத்துக்குள் கேஸ் போன்ற சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. புகையை முதலில் விழுங்குவது தாராவிக் குழந்தைகளின் நுரையீரல்தான். ஆகையால் உத்தரவைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சின்னப் பேக்கரிகள் மாறுவதற்குக் கடனுதவி வேண்டும். மாறிய பிறகும் பக்கத்து வீட்டுத் தட்டுக்கு ஒரு மூலை ஒதுக்கும் மனம் வேண்டும்.

மறுசீரமைப்பில் 350 சதுர அடி வீடு என்று பேசுகிறார்கள். மாடி வீட்டுக்குப் போனால் சந்து இருக்காது, சந்தில் கைமாறிய பத்திரிகையும் மாவுத் தட்டும் இருக்காது. எனவே தமிழ் மன்றங்கள் இன்றே ஒன்று செய்யலாம். மன்றத்து அறையில் கேரம் பலகைக்குப் பக்கத்தில் நல்லதாக ஒரு மின்சார அவன் வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் தட்டோடு வரட்டும். மின்சாரச் செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுக்கட்டும். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவில் இது எத்தனை பங்கு?

தொழில் என்றால்

ஒரு கேக் நன்றாக வந்தவுடனே “கடை போடு” என்பார்கள். அவசரம் கூடாது. 1959 மார்ச் 15-ந் தேதி கிர்காமில் ஒரு கட்டடத்தில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் தேய்க்கத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் நாடறிந்த லிஜ்ஜத். வீட்டுப் பெண்களின் கையால் அது வளர்ந்ததற்கு ஒரு காரணம், எந்த வீட்டில் தேய்த்தாலும் மாவும் அளவும் ஒன்றாக இருந்ததுதான். ஒரு நாள் நன்றாக வருவது அதிர்ஷ்டம். பத்து நாளும் அப்படியே வருவதுதான் தொழில்.

அந்த நிலை வந்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சின்னத் தயாரிப்பாளருக்குப் பெரிய லைசென்ஸ் கேட்கவில்லை. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்தால் போதும் என்று வைத்தன. விற்கும் முன்பு இன்றைய நிலவரத்தை விசாரித்துப் பதிவு செய்துகொள்வது நல்லது.

விற்றாலும் விற்காவிட்டாலும், ஒவ்வொரு தடவையும் நடந்ததைக் குறிப்பின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். “மணல் போடாமல் கரிந்தது”, “சோடா கூடாது”, “மழைக்காலம், மாவை இரண்டு தடவை சலி” என்று எழுதினால், அச்சிட்டவருடைய குறிப்பு அந்த வீட்டுக் குறிப்பாகிவிடும். மகளுக்குக் கொடுக்கவேண்டியது அதைத்தான்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். குறிப்புகளை வெளியிடும்போது கிராம் கணக்கைப் போடுங்கள். அவன் இல்லாத வீட்டுக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வாங்கிப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த நான்காவது கேக்கின் முதல் துண்டு மாமியாருக்குப் போனது. டீயில் தொட்டு, பல்லில்லாத வாயில் மெதுவாக மென்றார். வீடே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவ சீனியக் கொஞ்சம் கொறச்சுப் போடு” என்றார்.

மருமகள் கையைத் துடைக்காமலே பென்சிலை எடுத்து, அந்தத் துண்டுத்தாளின் ஓரத்தில் “சீனி 130” என்று எழுதினார். நாற்பது ஆண்டாகச் சுத்தமாக இருந்த தாளில் அன்றுதான் வெண்ணெய்க் கறை பட்டது.