முதலில் நாடகச் சீட்டு

இலண்டன் செல்வோர் விடுதியை முதலில் தேடுகின்றனர். இசை நாடகத்தை இறுதியிலேயே நினைக்கின்றனர். இது தலைகீழ் முறை. ‘பாந்தம் ஒஃப் தி ஒப்பரா’வைக் காண விரும்புவோர் அதன் சீட்டை முதலிற் பெற்று, ஏனையவற்றை அந்நாளைச் சுற்றி அமைத்துக்கொள்க.

1986இல் ஹேமார்க்கெட் வீதி அரங்கிலே தொடங்கிய இந்நாடகம், 2020இல் கொள்ளைநோய் மூடிவைத்த காலம் நீங்கலாக, அங்கேயே நடந்து வருகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும்பாலும் ஆட்டமில்லை. சனி நள்ளிரவில் வந்திறங்கித் திங்கள் காலை புறப்படுவோர் அரங்கின் வாயிலை மட்டும் பார்த்துத் திரும்ப நேரும். லெஸ்டர் சதுக்கத்துச் சாவடியிலே அன்றைய சீட்டுகள் மலிவாய்க் கிடைப்பதுண்டு. ஆயின் விரும்பிய நாடகமே கிடைக்குமென்று நம்பியிருத்தல் ஆகாது.

ஆசனத்திலும் கவனம் வேண்டும். முற்பகுதி முடிவிலே பெரிய சரவிளக்கொன்று மேலிருந்து சரிந்திறங்கும். கீழ்த்தளத்தின் பின்வரிசையினருக்கு மேன்மாடம் அதை மறைத்துவிடும். அத்தனை தூரம் சென்று, முன்வரிசையார் அண்ணாந்து பார்ப்பதையா பார்த்துக்கொண்டிருப்பது?