குழம்புக் கையால் ஸ்டேக் சுடலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம். கறி வேகவில்லையா? இன்னும் இரண்டு விசில் விடு. அந்த விதி நம்மை ஒருநாளும் கைவிட்டதில்லை. அதே நம்பிக்கையோடு பேரங்காடியில் இருபது வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு ஸ்டேக் துண்டு வாங்கிவந்து, சுட்டு, கடித்துப் பார்த்து, “இன்னும் வேகலையே” என்று திரும்ப அடுப்பில் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் காசு கரியாகிறது. குழம்புக்கறி நேரம் ஆக ஆக மென்மையாகும். ஸ்டேக் நேரம் ஆக ஆக ரப்பராகும்.

ஏன் இந்த முரண்? ஆடோ மாடோ, உடம்பு முழுக்க ஒரே மாதிரி இறைச்சி இல்லை. கால், தோள், கழுத்து எல்லாம் நாள் முழுக்க உழைக்கும் தசைகள். அவற்றில் கொல்லஜன் என்ற நார்ப்பொருள் அதிகம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரத்தோடு, நிதானமாக வெந்தால்தான் அது ஜெலட்டினாகக் கரையும். நல்ல குழம்பு உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, அது அந்த ஜெலட்டின்தான். முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்கு அவ்வளவு வேலை இல்லை. மாட்டில் ஃபில்லே, ரிப் ஐ, சர்லாயின் என்று விற்பவை இந்த வகை. இங்கே கரைய வேண்டிய நார் குறைவு. அதனால் கூடுதல் சூடு செய்வது ஒரே ஒரு வேலைதான்: புரத இழைகளைச் சுருக்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் உள்ளிருக்கும் சாற்றை வெளியே தள்ளும்.

மாட்டிறைச்சி வாசற்படி தாண்டாத வீடுகள் நம்மில் நிறைய. அவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். இளம் செம்மறியாட்டின் லாயின் சாப், விலா எலும்போடு வரும் ரேக் இரண்டும் இதே முறையில் அருமையாக வரும். குழம்புக்கென்று வெட்டித் தரும் கறியை மட்டும் நம்பாதீர்கள். முதிர்ந்த ஆட்டின் தொடைக்கறி குழம்புக்கு ராஜா, ஸ்டேக்குக்கு எதிரி. ஒரே வீட்டில் ஒருவர் மாடு சாப்பிட்டு மற்றவர் சாப்பிடாதவராக இருந்தால், தனிச் சட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். அம்மாவின் தோசைக்கல்லைத் தொட்டுக் குடும்ப அமைதியைக் கெடுத்ததாக என்மேல் பழி வர வேண்டாம்!

வாங்கும்போது 2.5 சென்டிமீட்டராவது கனம் இருக்கட்டும். மெல்லிய துண்டு வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். உறைந்த இறைச்சி என்றால் முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்து, வெந்நீரில் போட்டு இளக்குவதெல்லாம் வேண்டாம்.

அடுத்தது நம் இன்னொரு பழக்கம், ஊற வைப்பது. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிர், போதாதென்று பப்பாளிக்காய். இவை உள்ளே இறங்குவது சில மில்லிமீட்டர்தான். பப்பாளிக்காயில் இருக்கும் பப்பாயின் மேற்பரப்பைக் கூழாக்கும், நடுப்பகுதிக்கு ஒன்றும் செய்யாது. விழுதோ சூடான சட்டியில் கருகிக் கசக்கும். உப்பு போதும். முந்தின இரவே தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், மேல்தோலும் உலரும். மறந்துவிட்டால் சுடுவதற்குச் சற்று முன்பு தூவுங்கள். பத்து இருபது நிமிடத்துக்கு முன் தூவினால் உப்பு இழுத்த நீர் மேலேயே நிற்கும். ஈரம் இருந்தால் இறைச்சி அவியும், சிவக்காது. எதுவானாலும் சட்டியில் போடுமுன் சமையல் தாளால் நன்றாக ஒற்றி எடுங்கள். நாம் விரும்பும் அந்தப் பழுப்பு முறுகலுக்கு மைலார்ட் வினை என்று பெயர். லூயி கமில் மைலார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912ல் விளக்கியது. தோசை ஓரம் முறுகுவதிலும் அதுதான் வேலை செய்கிறது.

கனமான இரும்புச் சட்டியே சிறந்தது. தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும். தோசை சுடும் வீட்டுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய் விடுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகையும். வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் முன்கூட்டியே காதுகளைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். “அதிகச் சூட்டில் சுட்டால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்” என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. அது தவறு. முறுகல் சுவைக்குத்தான், பூட்டுக்கு அல்ல. ஆகவே ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிமிடத்துக்கொருமுறை திருப்பினால் உள்ளே இன்னும் சீராக வேகும். கடைசி ஒரு நிமிடத்தில் வெண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ரோஸ்மேரி தேடி அலைய வேண்டாம். மிளகுத்தூளும் அப்போதுதான்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், எத்தனை டிகிரி என்று கேளுங்கள். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அது ஒரு நல்ல ஸ்டேக்கின் விலைகூட இருக்காது. நடுப்பகுதி 54 முதல் 57 வரை என்றால் உள்ளே இளஞ்சிவப்பு, சாறு நிறைய. 60 முதல் 63 வரை நடுத்தரம். 70ஐத் தாண்டினால் முழுக்க வெந்தது. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் இரண்டு மூன்று டிகிரி ஏறும், அதனால் கொஞ்சம் முன்பே எடுங்கள். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல, தசையில் இருக்கும் மையோகுளோபின் கலந்த நீர். இதை மேசையில் உரக்கச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேரின் முகச்சுளிப்பு போய்விடும்.

மீதிப் பாதியை வற்புறுத்தாதீர்கள். அமெரிக்க வேளாண்துறை முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் பரிந்துரைப்பது 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆற வைப்பது. கொத்திய இறைச்சிக்கு 71. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வயதானவர்கள் விஷயத்தில் இளஞ்சிவப்பு மோகம் வேண்டாம். “முழுக்க வேகவைத்தால் ஸ்டேக்கே இல்லை” என்று அப்பாவிடம் வாதாடும் இளையர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சட்டியை நம்பாமல் அவனை நம்புங்கள். கொழுப்பு ஓடிய ரிப் ஐ அல்லது லாயின் சாப்பை 120 டிகிரியில், உள்ளே 65 வரும்வரை நிதானமாக வைத்து, கடைசியில் மட்டும் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் சிவக்க விடுங்கள். முழுக்க வெந்திருக்கும், மெல்லவும் முடியும்.

ஐந்து நிமிடம் ஆறியதும் வெட்டலாம். இறைச்சி இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, மெல்லியதாக வெட்டுங்கள். நீள இழைகளைப் பல் அறுக்க வேண்டிய வேலையைக் கத்தி முடித்துவிடும். பல் தேய்ந்த பாட்டிக்கு இது எந்த ஊற வைத்தலையும்விட உதவும். பலகையில் சேரும் சாற்றைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். சட்டியில் மிஞ்சிய கறிவேப்பிலை வெண்ணெயோடு கலந்து, சுடுசோற்றில் விட்டுப் பிசைந்து பாருங்கள்.