கிளாஸ்கோ தொழிலாளரும் நாமும்

2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி நமது தேசத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. அவற்றுள் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பானது, ஒரு தொழிற்சாலையில் பல சங்கங்கள் இருக்குமாயின், தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேருடைய ஆதரவு பெற்ற சங்கமே முதலாளியுடன் பேசத்தக்க ஏக சங்கம் என்று விதிக்கிறது. இவ்விதியைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் பல உண்டு. ஆனால், அந்த நூறு பேர் யார் என்ற கேள்வியையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். அந்த ஸ்தாபனத்தின் வருகைப் பட்டியலில் பெயருள்ளவர்களே கணக்கில் சேர்வர். இன்று பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள்; அவர்கள் பெயர் ஒப்பந்தக்காரருடைய பட்டியலில் கிடக்கிறது. அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவன் எண்ணப்படுவான், மற்றவன் எண்ணப்படான்.

இத்தகைய நிலைமையில் தொழிற்சங்கம் எவ்வழி செல்லவேண்டும்? இதற்கு விடை காண ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தின் சரித்திரத்தை வாசகர்கள் நோக்குவது நலம். நமது ரயில் பாதைகளில் ஓடிய நீராவி எஞ்சின்களில் பல, அந்நகரத்துப் பட்டறைகளில் செய்யப்பட்டவையே.

யந்திரத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் பிரிட்டனில் 1851-இல் ஸ்தாபிதமாயிற்று. வாரம் ஒரு ஷில்லிங் சந்தா செலுத்திய பிட்டர், டர்னர் முதலிய தேர்ச்சி பெற்றோருடைய சங்கம் அது. வேலையில்லாக் காலத்திலும் நோயிலும் முதுமையிலும் அங்கத்தினரை அது தாங்கிற்று. எனினும், தேர்ச்சி பெறாத கூலிக்கும் பெண்களுக்கும் அதன் கதவு அடைத்தே இருந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டு 1897-இல் அச்சங்கம் தொடங்கிய கிளர்ச்சிக்கு முதலாளிகள் கதவடைப்பால் பதில் சொன்னார்கள். 1898 ஜனவரியில் தொழிலாளர் தோல்வியுற்றுத் திரும்பினர்.

முதல் உலக யுத்தம் மூண்டதும் விலைவாசி ஏறியது. 1915 பிப்ரவரியில் மணிக்கு இரண்டு பென்ஸ் கூடுதலாகக் கேட்டுக் கிளாஸ்கோ தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மத்திய நிர்வாக சபை கைவிட்டபோது, பட்டறைப் பிரதிநிதிகளே போராட்டத்தை நடத்தினார்கள். அவ்வருஷம் ஜூலையில் சர்க்கார் யுத்த தளவாடச் சட்டம் செய்து, தளவாடத் தொழிலில் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிற்று. முதலாளியின் அனுமதிச் சீட்டு இல்லாதவன் வேறிடத்தில் வேலை பெறுவதும் அரிதாயிற்று. கிறிஸ்துமஸ் தினத்தன்று மந்திரி லாயிட் ஜார்ஜ் நேரில் வந்து பேசியபோது தொழிலாளர் கூச்சலிட்டு எதிர்த்தனர். நடந்ததை நடந்தபடி பிரசுரித்த 'பார்வர்டு' பத்திரிகை நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் பத்திரிகை நடத்தினோர்க்கு இவ்வித அனுபவம் புதிதன்று.

1916 மார்ச்சில் பார்க்ஹெட் பட்டறைப் பிரதிநிதி டேவிட் கர்க்வுட்டும் தோழர்களும் நகரத்தினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்காக வேலையை நிறுத்தியவை சில பட்டறைகளே. பெண்களையும் தேர்ச்சி பெறாதாரையும் தேர்ச்சி வேலையில் சேர்ப்பது குறித்து ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே உடன்பாடு செய்துகொண்டிருந்தது. தனித்தனியே பேசியவர்கள் தனித்தனியே வீழ்ந்தார்கள்.

அதே நகரத்தில், அதே மாதங்களில் நடந்த மற்றொரு சம்பவத்தையும் இங்கே கூறவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தியபோது, மேரி பார்பர் முதலிய பெண்கள் தெருத் தெருவாகச் சங்கம் சேர்த்து, உயர்ந்த வாடகையைக் கொடுக்க மறுத்தனர். 1915 நவம்பரில் குடியிருப்போர்மீது வழக்கு வந்தபோது, பட்டறைத் தொழிலாளரும் அவர்களுடன் நீதிஸ்தலத்தின் முன் திரண்டார்கள். அவ்வருஷ முடிவுக்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று! பட்டறைக்குள் தனித்து நின்று தோற்றவர்கள், தெருவில் பெண்களோடு சேர்ந்து நின்று ஜயித்தார்கள்.

1919 ஜனவரியில் வாரம் 40 மணி நேர வேலை கேட்டு நடந்த வேலைநிறுத்தமும் பலிக்கவில்லை. போலீஸார் தடியடி செய்தனர். துருப்புகளும் டாங்கிகளும் நகரத்துக்குள் வந்தன. மறுவருஷம் பல சங்கங்கள் ஒன்றாகி விரிந்தன. எனினும் பெண்கள் 1943-ஆம் வருஷ ஆரம்பம் வரை வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். அவர்கள் உள்ளே வந்த அவ்வருஷமே ஹில்லிங்டன் விமான எஞ்சின் தொழிற்சாலையில் கூலி வேற்றுமையை எதிர்த்துப் பெண்கள் வேலையை நிறுத்தினர். ஆண்களில் பலரும் உடன் நின்றனர்.

1971 ஜூனில் கிளைட் நதிக்கரைக் கப்பல் கட்டும் கம்பெனி முறிந்து, 8,000-க்கு மேற்பட்டோர் வேலை அபாயத்திலாயிற்று. அப்போது ஜிம்மி ரீட், ஜிம்மி ஏர்லி ஆகிய பிரதிநிதிகளின் தலைமையில் எல்லாத் தொழிற்பிரிவினரும் ஒரே கமிட்டியாகி, துறையை விட்டு வெளியேறாமல் வேலையைத் தொடர்ந்து நடத்தினர். நகர ஜனங்கள் அனைவரும் அவர்கள் பக்கம் நின்றனர். 1972 பிப்ரவரியில் சர்க்கார் 3½ கோடி பவுன் உதவிக்கு இணங்கிற்று. அத்துறைகளில் கோவனிலும் ஸ்காட்ஸ்டவுனிலும் இன்றும் கப்பல்கள் கட்டப்படுகின்றன.

நமது தொழிற்சங்கத் தலைவர்கள் இச்சரித்திரத்தை ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். ஒப்பந்தத் தொழிலாளி வந்தால் நமது கூலி குறையும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. கிளாஸ்கோ பிட்டருக்கும் அதே அச்சம் இருந்தது. ஆனால், வெளியே நிறுத்தப்பட்டவனைக் கொண்டுதான் முதலாளி உள்ளேயிருப்பவனின் கூலியைக் குறைக்கிறான். சட்டம் யாரை எண்ணினாலும், சங்கம் எல்லோரையும் எண்ணட்டும். ஒப்பந்தத் தொழிலாளரை அங்கத்தினராக்கி, சம வேலைக்குச் சம கூலி என்பதைத் தன் முதல் கோரிக்கையாக எழுதிக்கொள்ளட்டும். இதைச் செய்யாத சங்கம் 51 பேரைப் பெற்றாலும் பலவீனமான சங்கமே.