சோதனை தட்டில் நடக்கட்டும், நம் உடம்பில் வேண்டாம்!



நம்ம கரிசல் காட்டில் பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிறோம். பூச்சி செத்துச்சா என்றுதான் பார்க்கிறோம். அந்தக் காட்டில் களையெடுக்கிற அம்மாவுக்கும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் என்ன ஆகும் என்று யார் பார்க்கிறார்கள்?

கேரளாவில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் சுமார் இருபது வருடம் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அந்த ஊர்களில் பல குழந்தைகள் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தன. 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனா பிள்ளைகள் பிறந்த பிறகுதானே தடை வந்தது!

நம் செல்லுக்குள் உள்ள டி.என்.ஏ. ஒரு புத்தகம் மாதிரி. எந்தப் பக்கத்தைத் திறக்கணும், எதை மூடணும் என்று காட்ட அதன்மேல் மெத்தில் போன்ற சிறு வேதிக் குறிகள் இருக்கின்றன. சில ரசாயனங்கள் எழுத்தைத் தொடாமலே குறிகளை மட்டும் மாற்றிவிடும். இதுதான் எபிஜெனெடிக் மாற்றம். உடனே வாந்தி, மயக்கம் வராததால் யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க மனித ஸ்டெம் செல் உதவும். நரம்பாகவும் இதயமாகவும் வளரக்கூடிய செல் அது. ஜப்பான் விஞ்ஞானி யமனகா 2007-ல் சாதாரணத் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். கருவை அழிக்க வேண்டியதில்லை. செல்லைத் தட்டில் வளர்த்து, அதில் கொஞ்சம் மருந்தைச் சேர்த்து, குறிகள் மாறுகிறதா, நரம்பாக ஒழுங்காக வளருதா என்று பார்க்கலாம்.

‘எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையால் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. பிறகு எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் கேடு அதற்குச் சரியாக வரவில்லை. எலி வேறு, மனுஷன் வேறு.

தட்டில் இருக்கிற செல்லும் முழு மனுஷன் ஆகாதுதான். ஆனாலும் அது முதல் சல்லடை. அதில் சந்தேகம் வந்தால் அந்த மருந்தை நிறுத்தி வைத்து மேலும் சோதிக்கலாமே!

நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதனால் நம்மால் முடியாது என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்துக்கு அனுமதி கொடுக்கும் முன் இந்தச் சோதனையையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். பருத்தியைக் காப்பாற்ற மருந்து வேண்டும். அதைவிட முக்கியம் பருத்தி எடுக்கிற கை.

சிந்திப்போம்! வீட்டிலும் சொல்வோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி