இதயச் செயலிழப்பு: வீடு தேடி வரும் மருந்தும் நோயாளரின் மறதியும்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன்வழி இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மாத்திரைகள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மூலம் வீட்டிற்கே வருகின்றன. ஆயினும், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மருந்து வந்து சேர்வது பாதி வேலைதான். நாள்தோறும் எடை பார்த்தல், கால் வீக்கத்தைக் கவனித்தல், உப்பைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு நினைவும் கவனமும் வேண்டும். அவ்விரண்டையும் இந்நோயே மங்கச் செய்யக்கூடும்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த இயலாத நிலை. அப்போது மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்நோயாளரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் அறிவாற்றல் குறைபாடு காணப்பட்டது. திருவனந்தபுரத்தில் 2013-இல் பதிவு செய்யப்பட்ட 1,205 நோயாளரின் சராசரி வயதோ 61 தான். எனவே, "வயதாகிவிட்டது" என்று மறதியை ஒதுக்குவது சரியன்று. "சொன்னால் கேட்பதில்லை" எனக் கடிந்துகொள்வது அதனினும் தவறு.

மருத்துவமனையில் தந்த மாத்திரைகளும் வீட்டிற்கு வரும் மாத்திரைகளும் தனித்தனிப் பைகளில் இருக்கும்போது, ஒரே மருந்து இருமுறை உட்கொள்ளப்படும் ஆபத்து உண்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழவும் நேரிடலாம். ஆகவே, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் இரு பைகளையும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருசேரக் காட்டுங்கள். மூட்டுவலிக்கென மருந்துக் கடையில் தாமாக வாங்கிய மாத்திரைகளையும் மறைக்க வேண்டாம். அவற்றுள் சில உடலில் நீர் தேங்கச் செய்பவை.

கீரமங்கலம் போன்ற பூ விளையும் ஊர்களில் பொழுது புலரும் முன்பே வீட்டார் பூப்பறிக்கச் சென்றுவிடுகின்றனர். எடை பார்ப்பதும் நீர் வெளியேற்றும் மாத்திரையும் அந்தக் காலை வேளைக்கே உரியவை. நோயாளரின் நினைவை நம்பி விடுவதைவிட, வீட்டார் திரும்பிவரும் நேரத்திற்கு மாத்திரையை மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்பதே மேல். எடையை, காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், பேரப்பிள்ளை ஒருவர் நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவுமே உண்ணவில்லை என நோயாளர் கூறினாலும் சமைப்பவரையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரெனக் குழப்பமோ, பேச்சுக் குழறலோ, படுத்தால் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் காத்திராமல் 108-ஐ அழைக்கவும். எடை குறித்த நாட்காட்டியையும் மாத்திரைப் பைகளையும் உடன் எடுத்துச் செல்லவும்.