இரவற் குரலும் சொந்தச் சிறகும்

தமிழ்ப்பள்ளி மாணவனிடம் "எனக்குச் சிறகு முளைத்தால்" என்ற தலைப்பைக் கொடுத்தால் அவன் என்ன எழுதுவான் என்பதைத் தாளைத் திறவாமலே சொல்லிவிடலாம். அவன் வானத்தில் வட்டமிடுவான். பினாங்குப் பாலத்தைக் கீழே காண்பான். கொம்தார் கோபுரத்தைச் சுற்றி வருவான். வெள்ளத்தில் சிக்கியோரைத் தூக்கிக் காப்பான். இறுதியில் அம்மா தட்டி எழுப்ப, கண்டதெல்லாம் கனவென்று அறிவான். இடையிடையே இரண்டு இணைமொழிகளும் ஓர் உவமைத்தொடரும் வந்தே தீரும். முப்பது மாணவர் எழுதினால் முப்பது தாள்களிலும் பறப்பது ஒரே பறவைதான். அதுவும் பறவையன்று, சட்டையில் இறகு ஒட்டிய மாணவன்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இதற்கொரு காரணம் சொல்லப்பட்டது. மதிப்பெண் வேண்டும்; ஆகவே மாதிரிக் கட்டுரை வேண்டும்; ஆகவே மனப்பாடம் வேண்டும் என்றனர். 2021ஆம் ஆண்டு அத்தேர்வு நீக்கப்பட்டது. காரணம் போயிற்று, காரியம் போகவில்லை. மாதிரிக் கட்டுரைகள் இன்றும் கைம்மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே குற்றம் தேர்வில் மட்டும் இருந்ததில்லை என்பது தெளிவு. கற்பனை என்பது ஒழுங்கற்ற விளையாட்டு, அதற்கு இலக்கணமோ ஆராய்ச்சியோ வேண்டா என்ற எண்ணமே வேரில் இருந்த நோய்.

அதே மாணவன் மாலையில் நண்பரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து வேறொரு வேலை செய்கிறான். ஒருவன் கதையை நடத்த, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு அது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. இவ்வாட்டத்தில் உலகங்களையும் இனங்களையும் ஆடுவோரே படைத்துக்கொள்ளலாம். அறிவுடைய பறவையினம் ஒன்றைப் படைக்க முற்படும் மாணவன், அவ்வினம் எதை உண்ணும், எங்கே உறங்கும், யாரைத் தலைவனாக ஏற்கும், எதற்கு அஞ்சும் என்றெல்லாம் ஏடு நிறைய எழுதுகிறான். வகுப்பில் ஒரு பக்கத்தை நிரப்பத் திணறியவன் அவனே என்றால் நம்புவதற்கு அரிது. அவன் எழுதுவது ஆங்கிலத்தில். தமிழ் வகுப்பு அவனிடம் அக்கேள்விகளைக் கேட்கவேயில்லை.

அவ்விளையாட்டிலேயே ஒரு பறவையினம் உண்டு. பெயர் 'கெங்க்கு'. 1981ஆம் ஆண்டு வெளியான நூலொன்றில் அது முதன்முதல் இடம்பெற்றது. சப்பானியர் மலைகளில் உலவுவதாகச் சொல்லும் 'தெங்கு' என்னும் பறவையுருவே அதன் மூலம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வினத்திற்கு ஒரு சாபம் இருந்தது. அதற்குச் சிறகு இல்லை. சொந்தக் குரலும் இல்லை. எங்கோ எவரோ பேசக் கேட்ட சொற்களை அவர்தம் குரலிலேயே திருப்பிச் சொல்ல மட்டும் அதனால் இயலும். மனப்பாடக் கட்டுரையில் வளரும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் தேடினாலும் கிடைக்காது. 2022ஆம் ஆண்டு அவ்விளையாட்டின் ஆசிரியர்கள் அச்சாபத்தை நீக்கி, கெங்க்குவிற்குச் சொந்தப் பேச்சை அளித்தனர். தமிழ் வகுப்பறை இன்னும் நீக்கவில்லை.

இவ்வாறு சொன்னால் இரு திசைகளிலிருந்து மறுப்பு எழும்.

முதல் திசையினர், இஃது அயல்நாட்டார் பொழுதுபோக்கு, இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்பர். தொடர்பைத் தொல்காப்பியத்திலேயே காணலாம். ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் மரபியல், மக்களை ஆறறிவுயிர் என்று சொன்ன பிறகு, அக்கிளையைச் சேர்ந்த பிறவும் உள என்று வாயிலைத் திறந்தே வைக்கிறது. விலங்குகளுள்ளும் ஒரு சாரார்க்கு அவ்வறிவு உண்டு என்பதற்குக் கிளி, குரங்கு, யானை போன்றவற்றை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். அறிவுடைய பறவை என்பது தமிழிலக்கணம் அன்றே எண்ணிப் பார்த்த செய்தி. அதைப் பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒதுக்குவது தொல்காப்பியத்தையே.

இரண்டாம் திசையினர் இதைக் கேட்டவுடன் மகிழ்ந்து, எல்லாம் தமிழில் முன்பே இருக்கிறது, சடாயு இல்லையா, அன்னத்தூது இல்லையா என்று மார்தட்டுவர். இவர்களால் விளையும் தீங்கு முன்னவரால் விளைவதைவிடப் பெரிது. இருப்பதைச் சொல்லி நிறைவடைவோர் எதையும் ஆக்குவதில்லை. சப்பானியரின் தெங்கு உலக மேசைகளில் ஏறியதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புதிதாக வனைந்தார் என்பதே. சம்பாதி பாடநூலின் பொருளுரையிலேயே படுத்திருக்கிறான்.

சம்பாதியை ஒருமுறை உற்று நோக்கினால், முன்னோர் எவ்வளவு நுட்பமாகப் பறவையினத்தைப் படைத்தனர் என்பது விளங்கும். தம்பி சடாயுவைக் கதிரவன் வெம்மையிலிருந்து காக்கத் தன் சிறகை விரித்து, அச்சிறகு தீய்ந்து வீழ்ந்தவன் அவன். சிறகிழந்த பறவைக்கு எஞ்சுவது என்ன? கண். வான்மீகத்தில் அவன் மலைமேல் இருந்தபடியே கடலுக்கு அப்பால் இலங்கையில் இருக்கும் சீதையைக் காண்கிறான். அத்தொலைநோக்குத் தன் குலத்தின் இரைக்கும் பறக்கும் உயரத்திற்கும் உரியது என்று காரணமும் சொல்கிறான். வானத்தில் பறவைகளுக்குப் படிப்படியாக வழிகள் உண்டு. தானியம் உண்பவை தாழ்ந்த வழியிலும், அதற்கு மேல் காக்கைகளும், இன்னும் மேலே பருந்தும் கழுகும் அன்னமும், உச்சியில் வினதையின் மக்களும் செல்வர் என்று அவன் விரிக்கிறான். உணவு, உடல், உயரம், பார்வை, குலம் ஆகிய அனைத்தும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. அங்கே இறகு ஒட்டிய மனிதன் இல்லை; பறவையின் உடலிலிருந்து எழுந்த ஒரு சமுதாயம் இருக்கிறது. அதைப் போற்றுவது எளிது. அம்முறையைக் கற்று இன்னொன்றைச் செய்வதே கல்வி.

அம்முறை கடினமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணவர் படைக்கும் பறவை மனிதர்க்கு இரு கைகளும் இரு கால்களும் இருக்கும்; முதுகில் கூடுதலாக இரு சிறகுகள் முளைத்திருக்கும். பறவையின் சிறகே அதன் கை என்பதை அறிவியல் பாடத்தில் படித்தும் இதில் கோட்டைவிடுவர். இன்று பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவையும் 20 கிலோகிராம் அளவை எட்டுவது அரிது. மனிதப் பருமனுள்ள இனம் பறக்குமா, பறக்காவிடில் ஏன் சிறகு, பறக்குமாயின் உடல் எவ்வளவு சிறியது, சிறிய உடலுடையது எந்த அலகால் அல்லது எந்தக் காலால் எழுதுகோலைப் பற்றும்? கிளி ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் பழத்தைப் பிடித்து உண்பதைப் பார்த்த மாணவன் விடை காண்பான். சிறிய தலையில் பேரறிவு தங்குமா என்னும் ஐயத்திற்கு, ஆக்சுபோர்டில் 2002ஆம் ஆண்டு கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உணவை எடுத்த காக்கை விடை சொல்லும்.

பேச்சுக்கு வந்தால் தமிழாசிரியரின் சொந்த நிலமே வந்துவிடுகிறது. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறக்கும் என்று நன்னூல் எழுத்தியல் கற்பிக்கிறது. வகரம் மேற்பல்லும் கீழிதழும் உற்றுப் பிறக்கும். பறவைக்கு இதழும் இல்லை, பல்லும் இல்லை. அங்ஙனமாயின் அவ்வினத்துக் குஞ்சு தாயை 'அம்மா' என்று எவ்வாறு அழைக்கும்? ஆயினும் மைனாவும் கிளியும் அச்சொல்லைச் சொல்லக் கேட்கிறோமே என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பான். அங்கேதான் வகுப்பு உயிர்பெறும். பறவையின் குரலுறுப்பு தொண்டையின் மேற்புறத்தில் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்கி ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும் பறவைகளும் உண்டு. இரண்டு எழுத்துகளை ஒருங்கே ஒலிக்கும் இனத்திற்கு மாத்திரை எப்படிக் கணக்கிடுவது, சந்தி எங்கே விழும், அதன் செய்யுளில் எதுகை எது? ஓராண்டு மனனம் செய்தும் மனத்தில் தங்காத பிறப்பியல் ஒரே பிற்பகலில் தங்கிவிடும்.

திணையும் அப்படியே. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, ஏனையவை அஃறிணை. அறிவுடைய பறவையை 'அது' என்பதா, 'அவர்' என்பதா? கம்பன் சடாயுவை வேந்தனாக்கி உயர்திணையில் நிறுத்துகிறான். இராமன் அவனைத் தந்தையாகக் கருதி இறுதிக் கடன் செய்கிறான். மாணவன் படைக்கும் இனமோ தன் மொழியில் பறப்போரை உயர்திணை என்றும், பறக்க மாட்டாத மனிதரை அஃறிணை என்றும் வகுத்துவிடலாம். தன்னை 'அது' என்று அழைக்கும் இலக்கணத்தின் முன் ஒருமுறை நின்ற மாணவன், பிற மனிதரை அஃறிணையாக நடத்தும் வழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் உணர்வான்.

இத்தனைக்கும் பினாங்கு மாணவன் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஜார்ஜ் டவுன் நகரின் பழைய கடைவீடுகளில் உழவாரக் குருவிகள் நெடுங்காலம் குடியிருந்தன. மலாய்க்காரர் 'வாலிட்' என்னும் அச்சிறு பறவை கம்பியிலோ கிளையிலோ அமர வல்லதன்று. செங்குத்துச் சுவரைப் பற்றித் தொங்கும். இருளில் தானே எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டு வழி அறியும். தன் எச்சிலையே நூலாக்கி ஏறத்தாழ ஒரு திங்களுக்கு மேல் உழைத்துக் கூடு கட்டும். அக்கூட்டை மனிதர் பெயர்த்தெடுத்து நீரில் காய்ச்சி விலையுயர்ந்த உணவாக்கி உண்பர். ஒலிபெருக்கியில் அதன் இனத்தின் குரலையே ஒலிக்கவிட்டு அதனை வீட்டுக்குள் அழைப்பதும் மனிதரே. 2008ஆம் ஆண்டு நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பின்னர் மரபுப் பகுதியிலிருந்து அக்கூட்டுப் பண்ணைகளை அகற்ற முடிவாயிற்று. அழைத்தவரும் மனிதர், கூட்டை உண்டவரும் மனிதர், வெளியேற்றியவரும் மனிதர்.

இப்பறவை பேசினால் என்ன பேசும்? இருளில் ஒலியால் காணும் இனத்திற்கு 'அழகு' என்ற சொல் எதைக் குறிக்கும்? தன் உடலிலிருந்து சுரந்ததால் கட்டிய வீடு திருடப்படும்போது அவ்வினத்தின் சட்டம் அதைக் களவென்னுமா, கொலையென்னுமா? தன் குரலைப்போல் ஒலிக்கும் பொய்க்குரலை நம்பி வந்தவர்களை அதன் வரலாறு எப்படிப் பாடும்? செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்த மாணவனுக்கு இக்கேள்விகள் கற்பனையே அல்ல. ஆள்கட்டும் கங்காணி தன் மொழியிலேயே அழைக்க வந்து, உடலுழைப்பைச் சிந்தி நிலத்தை வளமாக்கி, தோட்டம் கைம்மாறியபோது லயன் வீட்டைவிட்டு வெளியேறியவர் அவன் பாட்டனார். அக்கதையை நேரே எழுதச் சொன்னால் அவன் நாணுவான், அல்லது மேடைப் பேச்சாக எழுதுவான். உழவாரக் குருவியின் வாயில் வைத்தால் உள்ளபடி எழுதுவான். கற்பனை உண்மையை மறைக்கும் திரை என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டா. புதிய ஆணையும் வேண்டா. கட்டுரை வகுப்பில் மாதிரியைக் கொடுப்பதற்கு முன் ஒரு பறவையைக் கொடுத்தால் போதும். ஒருவாரம் அதை மாணவர் பார்க்கட்டும். சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டது நிகண்டைப் பார்த்தன்று, நாரையைப் பார்த்தே. பிறகு அதன் உணவையும் உடலையும் ஒலியையும் ஏட்டில் குறித்து, அவற்றிலிருந்து அதன் வீடு, முறைப்பெயர், சட்டம், பழமொழி ஆகியவற்றைப் படைக்கட்டும். குழுவாக அமர்ந்து அப்பாத்திரங்களாகத் தமிழில் பேசட்டும். பிழை வரும், திருத்தலாம். பிழையே இல்லாத மனப்பாடத் தாளில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. வளர்வதற்கும் எதுவும் இல்லை.

கிளி சோதிடத்தில் கிளி வெளியே வரும். அடுக்கிய சீட்டுகளுள் ஒன்றை எடுக்கும். ஒரு நெல்மணி பெற்றுக் கூண்டுக்குள் திரும்பும். சீட்டில் உள்ளதைப் படிப்பவர் வேறொருவர். 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலத்திற்குப் பிறகும் தமிழ் மாணவனுக்கு மதிப்பெண் என்னும் நெல்மணியைக் காட்டி, பிறர் எழுதிய சீட்டை எடுக்கப் பழக்குவது தகாது. கூண்டின் கதவு உள்ளிருப்பவனால் திறக்கப்படுவதன்று. திறக்க வேண்டியவர் வகுப்பின் முன்னே வெண்கட்டியோடு நிற்கிறார்.