அம்மாவின் றங்குப்பெட்டியில் ஒரு நூல்

ரொறொன்ரோவில் வாழும் என் தங்கையின் மகளுக்கு அண்மையில் குழந்தை பிறந்தது. அந்நாட்டுக் குளிருக்கு என் கையால் ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பலாம் என்று எண்ணினேன். இணையத்தில் கிடைத்த குறிப்பு 8ஆம் இலக்க ஊசியைக் கேட்டது. அம்மாவின் ஊசிப்பெட்டியிலும் 8ஆம் இலக்க ஊசிகள் இருந்தன. இரண்டு வாரம் பின்னி முடித்தபோது, ஒரு வயதுக்கென்று தொடங்கிய சட்டை பிறந்த குழந்தைக்கே இறுக்கும் போலிருந்தது.

எங்கே பிழைத்தேன் என்று அறிய, அலுமாரியின் மேல் பல ஆண்டுகளாகத் தூசு படிந்து கிடந்த அம்மாவின் றங்குப்பெட்டியை இறக்கினேன். அதற்குள் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள். ஒன்று, தெரேஸ் டி டில்மொன்ற் 1886இல் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியத்தின் பிந்திய பதிப்பு. மற்றையது, 1938இல் வெளிவந்த மேரி தோமஸின் பின்னற் புத்தகம்.

அம்மா வலிகாமத்தில் தையல் ஆசிரியை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது காணி உறுதி, எங்கள் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன் இவ்விரு புத்தகங்களையும் சுமந்து தென்மராட்சிக்குப் போனார். மறுவருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்த நான், "இதையும் ஏனம்மா காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று சிரித்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மா மறைந்த பின்னரும் நான் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை.

இப்போது திறந்தேன். மேரி தோமஸ் ஒரு சஞ்சிகையாசிரியர். ஊசிவேலைக்கென வெளிவந்த 'தி நீடில்வுமன்' இதழை நடத்தியவர். அவருடைய புத்தகம் கட்டளைகளின் பட்டியலன்று. ஒரு கண்ணி ஊசியில் எவ்வாறு அமர்கிறது, நூலை வலக்கையில் பிடிப்போரும் இடக்கையில் பிடிப்போரும் எவ்வாறு பின்னுகின்றனர் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறது.

மாதிரித் துண்டு ஒன்றை முதலில் பின்னி அளக்க வேண்டும் என்பதை நான் அலட்சியம் செய்திருந்தேன். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணிகள் வரும் பின்னலில் 132 கண்ணிகள் 60 சென்ரிமீற்றர் அகலம் தரும். அதுவே 24 கண்ணிகள் வரும் இறுக்கத்தில் 55 சென்ரிமீற்றர்தான். பழைய பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீற்றர். அம்மாவின் 8 என்பது 4 மில்லிமீற்றர். என் சட்டை சிறுத்த கதை இதுதான்.

பக்க ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து தமிழில் இருந்தது. யாழ்ப்பாண வெயிலுக்குக் கம்பளி ஒவ்வாது என்பதால் பருத்தி நூலுக்கு ஏற்பக் கணக்குகளை மாற்றியிருந்தார். பருத்தி கம்பளி போல இழுபட்டு மீளாது, விளிம்புக்கு மெல்லிய ஊசி எடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. இது எந்தப் பதிப்பிலும் இல்லாத பாடம்.

அதை வாசித்தபோது என் தொழிலின் பழைய தவறொன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் நான் ஒரு வார இதழின் மகளிர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருத்தித்துறை, மட்டக்களப்பு, ஹற்றன் என்று பல ஊர்களிலிருந்தும் பெண்கள் பின்னற் குறிப்புகளை எழுதி அனுப்புவார்கள். விளம்பரம் வராத வாரங்களில் இடத்தை நிரப்ப அவற்றைப் போடுவேன். இடம் போதாவிட்டால் கடைசி வரிகளை வெட்டுவேன். செய்தியை அவ்வாறு வெட்டலாம். பின்னற் குறிப்பை வெட்டினால் சட்டைக்குக் கழுத்து இராது. கழுத்தை எப்படி முடிப்பது என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் எழுதினார். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

பல்கலைக்கழகத்தில் நன்னூல் படித்தவள் நான். சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் பவணந்தியார் உருவகித்ததைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றேன். ஆனால் நூல் கொண்டு வேலைசெய்யும் பெண் எழுதியதை நூலாக மதிக்க எனக்குத் தெரியவில்லை.

காணொளிகள் இருக்கையில் இப்பழம் புத்தகங்கள் எதற்கு என்று கேட்கலாம். தோள்களை இணைக்க நானும் காணொளியைத்தான் பார்த்தேன். கை அசைவைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. ஆயினும் நான் பார்த்தவற்றில் காரணம் சொன்னவை மிகச் சில. அத்துடன், ஓரத்தில் பென்சிலால் எழுதவும் அங்கே இடமில்லை.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் றட் என்னும் ஆயர் விக்ரோரியா காலப் பின்னற் கையேடுகளைத் தேடிச் சேகரித்தார். கைப்பின்னலின் வரலாற்றை 1987இல் நூலாகவும் எழுதினார். அவருடைய சேகரிப்பு இன்று சவுதாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எமக்கும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் உண்டு. நாவலும் கவிதையும் மட்டுமே அங்கு சேர வேண்டியவை என்று எண்ணிவிடக் கூடாது.

சட்டையைப் பிரித்துவிட்டேன், மாதிரித் துண்டிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறேன். அம்மாவின் புத்தக ஓரங்களைப் பிரதியெடுத்துக் கையளிக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் தாயாரின் தையற் கொப்பியோ, கத்தரித்து ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளோ இருக்கலாம். பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.